மூலிகைகளும் மூலிகைப் பானங்களும்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?



க.பொ.த. (சா/த) பரீட்சை நெருங்கும்போது உங்கள் வீட்டுச் சமையலில் ஒரு மாற்றம் ஏற்படுவதை அவதானித்திருப்பீர்கள். நாளாந்தம் சோற்றுடன் வல்லாரைச் சம்பல் வரத் தொடங்கும். "சாப்பிடு பிள்ளை, படிச்சது மனசில நிக்கும்" என்று அம்மம்மா சொல்லுவார். எனக்கும் அவ்வாறுதான் ஊட்டினார்கள். பரீட்சை முடியும்வரை ஒரு நாளேனும் தவறாமல் சாப்பிட்டேன். கணிதத்தில் எனக்குக் கிடைத்தது சாதாரண சித்தி மட்டுமே. அதற்கு வல்லாரையைக் குறை கூற முடியாது. பயிற்சிக் கணக்குகளைச் செய்யாமல் விட்டது நான்தான்.

இக்கட்டுரை அந்த வல்லாரைச் சம்பலைப் பற்றியதே. அதாவது நம் வீடுகளில் அன்றாடம் பயன்படும் மூலிகைகள், மூலிகைப் பானங்கள், முகத்திற்கும் முடிக்கும் பூசும் மூலிகைகள் என்பவற்றால் உண்மையில் என்ன நடைபெறுகின்றது என்பதைப் பற்றியது. சுகாதாரமும் உடற்கல்வியும், விஞ்ஞானம், மனைப்பொருளியல் ஆகிய மூன்று பாடங்களிலும் இவ்விடயம் ஏதோ ஒரு வகையில் தொடர்புபடும். எனினும் பரீட்சைக்காக மட்டும் இதனை வாசிக்க வேண்டாம். ஏனென்று பின்னர் விளங்கும்.

முதலில் வல்லாரையையே எடுத்துக்கொள்வோம். இதன் தாவரவியற் பெயர் சென்ரெல்லா ஏசியாற்றிக்கா. ஈரமான நிலத்தில் படர்ந்து வளரும். ஆயுர்வேதத்திலும் சித்த வைத்தியத்திலும் அறிவைத் தெளிவாக்கும் மூலிகை என நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. ஆய்வுகூட விலங்குகளில் இதனைப் பரிசோதித்துள்ளார்கள், மனிதரிலும் சிறிய அளவிலான ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயினும் ஆரோக்கியமான ஒரு மாணவனின் ஞாபகசக்தியை வல்லாரை உயர்த்தும் என்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. அதற்காகச் சம்பலை ஒதுக்கி வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அது நல்ல கீரை. நார்ப்பொருளும் கனியுப்புகளும் அதிலுண்டு. தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேரும்போது சோறும் கூடுதலாக இறங்கும். ஆகவே உணவு என்ற வகையில் வல்லாரை சிறந்தது. மூளைக்கான மருந்து என்ற வகையில் அது நிரூபிக்கப்படாதது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் இக்கட்டுரையின் பாதி உங்களுக்கு விளங்கிவிட்டது.

ஒரு சிறு எச்சரிக்கை. வாய்க்கால் ஓரத்திலும் கழிவுநீர் தேங்கும் இடங்களிலும் வல்லாரை செழித்து வளரும். பச்சையாக உண்ணும் கீரையை ஓடும் நீரில் பல தடவை கழுவ வேண்டும். சரிவரக் கழுவாத பச்சைக் கீரையினால் நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் போன்ற நோய்கள் தொற்ற இடமுண்டு.

நமது வைத்திய மரபு

ஆயுர்வேதம் என்பது ஆயுளைப் பற்றிய அறிவு எனப் பொருள்படும். உடலில் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் சமநிலையில் இருப்பது ஆரோக்கியம், அச்சமநிலை குலைவது நோய் என்பது இதன் அடிப்படை. சித்த வைத்தியமும் இம்மூன்றையே அடிப்படையாகக் கொண்டது. இலங்கையின் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் என்பவற்றையும் ஆயுர்வேதம் என்ற சொல்லினுள்ளேயே அடக்குகின்றது. பதிவு செய்யப்பட்ட வைத்தியர் என்று நாம் கூறுவது இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரையே ஆகும். வீதியோரத்தில் ஒலிபெருக்கி கட்டித் தைலம் விற்பவர் இதில் அடங்கமாட்டார்.

வரலாறு படிக்கும் உங்களுக்கு மிகிந்தலையில் உள்ள பண்டைய வைத்தியசாலையின் இடிபாடுகள் நினைவிருக்கும். நோயாளியைக் கிடத்தி மருந்து நீரில் அமிழ்த்துவதற்கென மனித உருவம் போலக் குடைந்த கற்றொட்டி ஒன்று அங்கே உண்டு. யாழ்ப்பாண இராச்சிய காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் தமிழில் எழுந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் இன்று பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. எனவே இதனைப் 'பாட்டி வைத்தியம்' என்று எள்ளி நகையாடுவது சரியன்று. அதேவேளை பழமையானது என்ற ஒரே காரணத்திற்காக எல்லாவற்றையும் நம்புவதும் சரியன்று.

தேநீரும் மூலிகைப் பானமும்

தேயிலை என்பது கமெலியா சைனென்சிஸ் என்ற ஒரே தாவரத்தின் இலை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் இதனை வர்த்தக ரீதியாகப் பயிரிட்டார் என்பதை அறிவீர்கள். கொத்தமல்லி, ஆவரசம்பூ, வில்வம்பூ, நன்னாரி வேர், சிறுபீளை, கறுவா போன்றவற்றில் தயாரிப்பதையும் நாம் 'மூலிகைத் தேநீர்' என்று அழைத்தாலும் அவற்றில் தேயிலை இல்லை. ஆகையால் கஃபீனும் இல்லை. இரவில் குடித்தால் நித்திரையைக் குழப்பாது.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பரீட்சைக் காலத்தில் இரவு 2 மணிவரை பிளேன்ரீயின் மேல் பிளேன்ரீயாகக் குடித்து விழித்திருந்து படிக்கும் மாணவர்கள் பலர் உளர். பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்திக் கொள்வது பெரிதும் நித்திரையின்போதுதான். வல்லாரையை உண்டுவிட்டு நித்திரையைக் கெடுப்பவர், ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுபவர் போன்றவரே.

மூலிகைப் பானம் தயாரிப்பதில் இரு முறைகள் உண்டு. பூ, மென்மையான இலை என்பவற்றுக்குக் கொதிநீரை ஊற்றி 5 முதல் 10 நிமிடம் மூடி வைத்தால் போதும். மூடாவிட்டால் மணம் தரும் ஆவிப்பறப்புள்ள எண்ணெய்கள் ஆவியுடன் போய்விடும். வேர், பட்டை, விதை போன்ற கடினமான பகுதிகளை நீரில் இட்டுக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். இதுவே கஷாயம். சித்த வைத்தியத்தில் குடிநீர் என்பர். நம் நாட்டில் எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றவைக்கும் வழக்கம் உண்டு. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மரமஞ்சள், பற்படாகம், கண்டங்கத்தரி ஆகிய ஐந்தும் சேர்ந்த பொதியைச் சிங்களத்தில் 'பஸ்பங்குவ' என்பர். காய்ச்சல், தடிமனுக்குப் பல வீடுகளில் காய்ச்சிக் கொடுப்பது இதனைத்தான். இதில் சேரும் மரமஞ்சள் காட்டில் மெதுவாக வளரும் ஒரு கொடி. அளவுக்கு மீறி வெட்டப்படுவதால் அருகி வருகின்றது. உயிர்ப்பல்வகைமை பற்றிய வினாவிற்கு இது நல்லதோர் உதாரணம்.

வீட்டில் செய்யக்கூடியது கொத்தமல்லித் தண்ணீர். ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை இலேசாக வறுத்து, ஒரு சிறு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிப்போட்டு, 2 கோப்பை நீரை ஒரு கோப்பையாகும்வரை காய்ச்சி வடித்தெடுங்கள். தடிமன் பிடித்தவருக்கு இது ஆறுதல் தரும். எப்படி? இளஞ்சூடான பானம் தொண்டையின் எரிச்சலைத் தணிக்கின்றது, இழந்த நீரை ஈடு செய்கின்றது, ஆவி மூக்கடைப்பைச் சற்று இளக்குகின்றது. ஆனால் தடிமனை உண்டாக்கும் வைரசை இது கொல்வதில்லை. சாதாரண தடிமன் ஒரு வாரம் முதல் 10 நாட்களில் தானாகவே மாறிவிடும்.

தேன் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் வீட்டில் 1 வயதிற்குட்பட்ட குழந்தை இருந்தால் அதன் நாவில் ஒரு துளி தேனும் தடவக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியா வித்துக்கள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்குத் தேன் தடவும் வழக்கமுள்ள வீடுகளில் இதனைப் பெரியோருக்கு மரியாதையாக எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே.

சோறும் தேநீரும் இரும்பும்

மாணவிகள் இப்பகுதியைக் கவனமாக வாசிக்கவும். கட்டிளமைப் பருவத்தில் இரும்புச்சத்துக் குறைவினால் ஏற்படும் குருதிச்சோகை நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படுவது. களைப்பு, மூச்சிரைப்பு, படிப்பில் கவனமின்மை என்பன இதன் அறிகுறிகள். 'சோம்பேறி' என்று பேச்சு வாங்கும் பிள்ளைகள் சிலருக்கு உண்மையில் இருப்பது குருதிச்சோகை.

கீரை, பருப்பு போன்ற தாவர உணவுகளிலுள்ள இரும்பை உடல் எளிதில் அகத்துறிஞ்சுவதில்லை. தேயிலையிலுள்ள தனின் போன்ற பதார்த்தங்கள் அவ்விரும்புடன் சேர்ந்து அகத்துறிஞ்சலை மேலும் குறைக்கின்றன. விற்றமின் சீ அதனைக் கூட்டுகின்றது. அப்படியானால் வல்லாரைச் சம்பலுக்கும் பொன்னாங்காணி வறைக்கும் தேசிக்காய்ப் புளி விட்ட நம் மூதாதையர் செய்தது மிகச் சரியானதே. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் நாம் செய்வதுதான் பிழை. சாப்பாட்டிற்கும் தேநீருக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியால இடைவெளி விடுங்கள். செலவு எதுவுமில்லாத வைத்தியம் இது.

இலைக்கஞ்சியையும் இங்கு சேர்த்துக்கொள்ளலாம். முல்லை, முசுமுசுக்கை, வல்லாரை, பொன்னாங்காணி எனக் கிடைக்கும் இலைகளை இடித்துச் சாறெடுத்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலுடன் சேர்ப்பர். காலை உணவு உண்ணாமல் பாடசாலைக்கு வரும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த மூலிகைப் பானம் எனக்குத் தெரியவில்லை. இலையை அடையாளம் தெரிந்தவரே பறிக்க வேண்டும். வேலியோரத்தில் நிற்கும் ஊமத்தை இலை தவறிக் கீரையுடன் சேர்ந்தால் வாய் வறண்டு, பார்வை மங்கி, சித்தம் கலங்கும். உயிராபத்தும் உண்டு.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது

ஒரு மருந்து வேலை செய்கின்றது என்பதை எவ்வாறு அறிவது? "நான் குடித்தேன், சுகமாகிவிட்டது" என்பது போதுமா? தடிமன் எப்படியும் 10 நாளில் மாறும். ஏழாம் நாள் நீங்கள் எதனைக் குடித்திருந்தாலும் அதுவே மருந்தாகத் தோன்றும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். விஞ்ஞானப் பாடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை படித்திருக்கின்றீர்கள் அல்லவா? ஒரே தன்மையான இரு குழுக்களில் ஒன்றுக்கு மருந்தைக் கொடுத்து, மற்றதற்கு அதேபோலத் தோன்றும் மருந்தற்ற பொருளைக் கொடுத்து ஒப்பிட்டால்தான் உண்மை வெளிவரும்.

2020 டிசம்பரில் கொவிட்-19 பரவிக்கொண்டிருந்தபோது கேகாலையில் ஒரு பாணியைப் பெறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் கூடினர். அந்நோயைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட அப்பாணி நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. தொற்றைத் தவிர்க்க இடைவெளி பேணவேண்டிய நாட்களில் மருந்து தேடிப் போனவர்களே நெருக்கியடித்து நின்றார்கள். பாணியில் இருந்த பொருட்கள் தீங்கானவையா இல்லையா என்பது வேறு விடயம். அந்த வரிசையே ஆபத்தானதாக இருந்தது.

காய்ச்சல் வந்தால்

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதிக்கு வருகின்றோம். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். மழைக்காலம் தோறும் இந்நோய் நம்மிடையே வந்து போகின்றது.

என்னிடம் படித்த ஒரு மாணவன் காய்ச்சலால் வகுப்பிற்கு வரவில்லை. வீட்டில் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார்கள், பப்பாசி இலைச் சாறும் கொடுத்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கஷாயம் பிடித்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அன்று பின்னேரம் அவனுக்குக் கைகால் குளிர்ந்து, வயிற்று நோவும் வாந்தியும் தொடங்கின. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியிருந்தது. உயிர் தப்பினான். அவ்வருடப் பரீட்சைக்குத் தோற்றவில்லை, அடுத்த வருடம்தான் எழுதினான். அவனுடைய தாயார் என்னிடம், "ரீச்சர், காய்ச்சல் குறைஞ்சால் சுகம் எண்டுதானே நினைப்பம்" என்றார். அந்த அம்மாவில் எந்தப் பிழையுமில்லை. அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனாலேயே உங்களுக்குச் சொல்கின்றேன்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் குறையும் வேளையிலேயே தொடங்குகின்றது. அப்போது சிலரில் குருதிக் கலன்களில் இருந்து திரவம் வெளியே கசியும். குருதியமுக்கம் வீழ்ச்சியடையும். பப்பாசி இலைச் சாறு குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றதா என்று ஆய்வுகள் நடந்துள்ளன. எனினும் அது இக்கசிவை நிறுத்தி உயிரைக் காப்பதாக நிறுவப்படவில்லை. கசிவை அறிந்து உரிய அளவில் திரவம் வழங்குவது வைத்தியசாலையில் மட்டுமே முடியும்.

ஆகவே காய்ச்சல் தொடர்ந்தால் மூன்றாம் நாளுக்குள் முழுமையான குருதிப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் உரிய அளவில் பாவிக்கலாம். அஸ்பிரின், இபுபுரொஃபன் போன்றவை குருதிப்பெருக்கை ஏற்படுத்தக்கூடும் என்பதால் கூடவே கூடாது. அப்படியானால் வீட்டில் காய்ச்சிய பானங்களுக்கு இடமே இல்லையா? உண்டு. கஞ்சி, இளநீர், பால், ஜீவனி என்பவற்றைப் போலக் கொத்தமல்லித் தண்ணீரையும் குடிக்கும் திரவமாகக் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வர். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போய்விடும். கொடுங்கள், ஆனால் பரிசோதனையைப் பிற்போட வேண்டாம்.

முகமும் முடியும்

இப்போது நீங்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் பகுதி. உங்கள் வயதில் ஓமோன்களின் தூண்டலால் தோலின் நெய்ச்சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கின்றன. முகப்பரு வருவது அதனால்தான். அது அழுக்கினால் வருவதன்று, ஒழுக்கக் குறைவாலும் வருவதன்று. (பற்பசையைப் பருவில் பூசும் பழக்கத்தை யார் தொடக்கி வைத்தாரோ தெரியவில்லை. தோலை எரிப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது.)

கடந்த சில வருடங்களுக்கு முன்னர் பிரியாவிடை விழாவிற்கு முதல்நாள் ஒரு மாணவி தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் விளையாட்டுப் பயிற்சிக்குச் சென்றாள். மறுநாள் கன்னத்தில் சிவந்த திட்டுக்கள் தோன்றின. பின்னர் அவை கபில நிறமாகிப் பல வாரங்கள் மாறாமல் இருந்தன. தேசிக்காயிலுள்ள சில பதார்த்தங்கள் சூரியனின் புறவூதாக் கதிர்களுடன் சேர்ந்து தோலை எரிக்கின்றன. "இயற்கையானதுதானே ரீச்சர்?" என்று அழுதுகொண்டு கேட்டாள். ஊமத்தையும் இயற்கையானதுதான்.

மஞ்சள் பூசுவது பொதுவாகத் தீங்கற்றது. ஆனால் மஞ்சள் தூளிலும் கலப்படம் உண்டு. 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மஞ்சளின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது அரிசிமா முதலியன கலந்த தூள் சந்தைக்கு வந்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். முடிந்தால் மஞ்சளைத் துண்டாக வாங்கி இடித்துக் கொள்ளுங்கள்.

முடிக்குச் செவ்வரத்தை இலை, ஊறவைத்து அரைத்த வெந்தயம், கற்றாழைச் சோறு என்பன நல்லவை. இவற்றிலுள்ள வழுவழுப்பான சளியம் முடியின் மேற்பரப்பில் படிந்து அதனை மென்மையாக்குகின்றது. கடையில் விலை கொடுத்து வாங்கும் கண்டிசனர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் புதிய முடியை இவை முளைக்கச் செய்வதில்லை. முடி அளவுக்கதிகமாகக் கொட்டினால் முதலில் இரும்புச்சத்தையும் புரதத்தையும் நினைத்துப் பாருங்கள். கைகளுக்கு மருதோன்றி இடுவதிலும் தடையில்லை. மருதோன்றி தருவது செம்மஞ்சள் கலந்த கபில நிறமே. சில நிமிடங்களில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் 'கறுப்பு மருதோன்றி'யில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் இருக்கலாம். அது தோலில் கொப்புளங்களை உண்டாக்கும்.

அழகு பற்றிய பேச்சில் மிகவும் கவலை தருவது வெண்மையாக்கும் கிரீம்கள்தான். 'மூலிகை', 'ஆயுர்வேத' என்ற சொற்களையும் ஒரு குங்குமப்பூப் படத்தையும் அச்சிட்டால் எந்தக் கிரீமும் மூலிகைக் கிரீமாகிவிடுகின்றது. இவற்றுட் சிலவற்றில் இரசம் கலந்திருப்பது இலங்கை உட்படப் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. இரசம் என்றதும் சோற்றுக்கு ஊற்றுவதை நினைக்க வேண்டாம். பழைய வெப்பமானியினுள் இருக்கும் திரவ உலோகத்தையே குறிப்பிடுகின்றேன். தோலில் மெலனின் உருவாவதை அது தடுக்கின்றது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுத்தது போலத் தோன்றும். ஆனால் இரசம் தோலினூடாக உடலினுள் சென்று சிறுநீரகங்களில் சேர்ந்து அவற்றைச் சேதப்படுத்தும். ஒரு வீட்டில் ஒருவர் பூசினால் துவாய், தலையணை வழியாக மற்றவருக்கும் செல்லலாம். 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 1 கிலோகிராமிற்கு 1 மில்லிகிராமிற்கு மேல் இரசமுள்ள அழகுசாதனப் பொருட்களைத் தடை செய்தது. இரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களையும் 2025 உடன் ஒழிப்பதென 2023 இல் தீர்மானிக்கப்பட்டது. உற்பத்தியாளர் பெயர், முகவரி, சேர்மானங்கள், காலாவதித் திகதி என்பன இல்லாத டப்பாவை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். மேலும், கறுப்பு நிறம் ஒரு நோயன்று. மெலனின் நம் தோலைச் சூரியக் கதிர்களிடமிருந்து காக்கின்றது. நோயல்லாத ஒன்றுக்கு எதற்காக மருந்து?

'உடல் மெலியும் தேநீர்' என்று விற்கப்படுவனவற்றிலும் அவதானம் தேவை. பலவற்றில் நிலாவாகை எனப்படும் சென்னா இலை சேர்க்கப்படுகின்றது. இது பேதி மருந்து. வயிற்றால் போவதால் நீரும் உப்புக்களும் வெளியேறித் தராசில் நிறை குறையும், கொழுப்பு குறையாது. தண்ணீர் குடித்ததும் நிறை பழைய நிலைக்கு வந்துவிடும். தொடர்ந்து குடித்தால் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஒரே மூலிகை எல்லோருக்கும் ஒத்துவராது. இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரத்தை அதிகமாக உண்டால் குருதியமுக்கம் உயரும். உயர் குருதியமுக்கமுள்ள உங்கள் தாத்தாவிற்கு அது உகந்ததன்று. காமரங்காய், பிலிங்காய் என்பவற்றில் ஒட்சலேற்று அதிகம். கொலஸ்திரோல் குறையுமென்று பிலிங்காயின் சாற்றைச் செறிவாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த சம்பவங்கள் கேரளாவில் பதிவாகியுள்ளன. சிறுநீரக நோயுள்ளவர் காமரங்காயைத் தொடவே கூடாது. கறுவாவில் கூட வேறுபாடு உண்டு. கசியா என்ற மலிவான இனத்தில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் கூடுதலாகவும், நம் நாட்டுக் கறுவாவில் மிகக் குறைவாகவும் உள்ளது. (2022 இல் இலங்கைக் கறுவாவிற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தமை வர்த்தகம் கற்போருக்கும் உதவும் தகவல்.) கர்ப்பிணித் தாய்மாரும், தொடர்ந்து மருந்து உட்கொள்வோரும் தாம் குடிக்கும் கஷாயத்தை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'ஏசுவார்' என்ற பயத்தில் பலர் சொல்வதில்லை.

பயிற்சி வினா

"மூலிகை மருந்துகள் இயற்கையானவை, எனவே பக்கவிளைவுகள் அற்றவை." இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்கின்றீரா? உமது வீட்டில் பயன்படும் இரண்டு மூலிகைகளை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

விடை எழுதும்போது ஒவ்வொரு மூலிகைக்கும் தாவரத்தின் பயன்படும் பகுதி, தயாரிக்கும் முறை, அளவு, தவிர்க்க வேண்டியவர் ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். எப்படி என்று சொல்லாத வரைக்கும் நான் அதற்குப் புள்ளி இடமாட்டேன். எழுதுவதற்கு முன்னர் அம்மம்மாவிடம் ஒரு தடவை கேளுங்கள். பயன்படும் பகுதியும் தயாரிக்கும் முறையும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.